தொண்டருக்கு ஒரு படுக்கை

ஊருக்கு உழைப்பவர்கள் களைத்துப் போனால் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதில் சொல்லி இருக்கிறார்கள். வாயால் சொல்லவில்லை. பாறையில் வெட்டி வைத்து இருக்கிறார்கள்.

அந்தப் பாறை புதுக்கோட்டை மாவட்டத்தில், சித்தன்னவாசலில் இருக்கிறது.

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் ஓவியம்தான் நினைவுக்கு வரும். அந்த ஓவியம் மலையின் மேற்குச் சரிவில், அறிவர் கோயிலில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் ஊர் திரும்பி விடுகிறார்கள். அதே மலையில் இன்னோர் இடம் உண்டு. அதன் பெயர் ஏழடிப்பட்டம். களைத்த கால்கள் நீட்டிப் படுத்த இடம் அது.

ஏழு குழிகள்

புதுக்கோட்டை நகரில் இருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர். வறண்ட பூமி. நடுவே ஒரு நீண்ட பாறைக் குன்று.

குன்றின் மேலே ஏறி, கிழக்குப் பக்கம் போனால், செங்குத்தான பாறை ஓரத்தில் ஒரு குகை. மனிதர் குடைந்த குகை அல்ல. இயற்கையாகவே அமைந்தது. அங்கே போய்ச் சேருவதற்காகப் பாறையில் 7 குழிகள் வெட்டி இருக்கிறார்கள். அந்தக் குழிகளில் கால் வைத்து, ஒவ்வோர் அடியாக நகர்ந்து போக வேண்டும். அதனால்தான் ஏழடிப்பட்டம் என்று பெயர்.

குகைக்குள்ளே 17 படுக்கைகள் இருக்கின்றன. எல்லாம் கல் படுக்கைகள். தரைப் பாறையையே சமப்படுத்தி, வழவழப்பாகத் தேய்த்து இருக்கிறார்கள். தலைமாட்டில் சற்று மேடாக விட்டு இருக்கிறார்கள். அதுதான் தலையணை!

இங்கே தங்கியவர்கள் சமண முனிவர்கள். கடுந்தவம் செய்தவர்கள். உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்தவர்களும் இங்கே இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிற்காலத்தில் இங்கு இருந்த முனிவர்கள் சிலரின் பெயர்களும் படுக்கைகளின் அருகே வெட்டப்பட்டு இருக்கின்றன. திருநீலன், திருச்சாத்தன் என்பவை அவற்றுள் சில.

செய்து கொடுத்தவர் யார்?

படுக்கைகளில் பெரியதாக ஒன்று இருக்கிறது. அதில் பழைய தமிழ் எழுத்துகள் உள்ளன. தமிழ் பிராமி என்று சொல்லுவார்கள். தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று.

அதில் என்ன எழுதி இருக்கிறது?

எருமிநாட்டில் குமிழூர் என்ற ஊரில் பிறந்த ஒரு முனிவர். காவுடி என்று அவரைக் குறிப்பிட்டு இருக்கிறார்கள். அவருக்காக, சிறுபொசில் என்ற ஊரைச் சேர்ந்த இளயர் என்பவர் இந்த இருப்பிடத்தைச் செய்து கொடுத்தார். இவ்வளவுதான் செய்தி.

எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அப்படியானால், அந்த முனிவர் எங்கேயோ பிறந்தவர். நடந்து நடந்து இங்கே வந்து சேர்ந்தவர். படுக்கை கொடுத்தவரோ வேற்றூர் மனிதர். இரண்டு பேரும் உறவினர் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முனிவர் தமக்குத் தாமே படுக்கை வெட்டிக் கொள்ளவில்லை. வீடு வேண்டாம், பொருள் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர் அவர். "எனக்கு ஒரு படுக்கை வேண்டும்" என்று எப்படிக் கேட்பார்? மற்றவர்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும். பார்த்துச் செய்தார்கள்!

நடையாய் நடந்தவர்கள்

சமண முனிவரின் வாழ்க்கை சுலபமானது அல்ல. வண்டியில் ஏறக் கூடாது. காலில் செருப்பு கூடாது. ஊர் ஊராக நடக்க வேண்டும். கொடுத்ததை உண்ண வேண்டும். அறம் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் நிலையாகத் தங்கினால் அந்த இடத்தின் மீது ஆசை வந்துவிடும். ஆகவே நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கக் கூடாது. மழைக்காலம் வந்தால் நின்றுவிட வேண்டும். இதுவும் விதி!

இதற்குச் சாதுர்மாசம் என்று பெயர். நான்கு மாதம் என்று பொருள். ஜூலை மாத வாக்கில் பௌர்ணமியில் தொடங்கும். கார்த்திகைப் பௌர்ணமி வரை நீடிக்கும். அதுவரை முனிவர்கள் ஓர் ஊரிலேயே தங்குவார்கள். ஊரார் அவர்களுக்கு இடமும் உணவும் கொடுப்பார்கள். இன்றும் சமணத் துறவிகள் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஏன் நிற்க வேண்டும்? மழை பெய்தால் புல் முளைக்கும். பூச்சி புழுக்கள் வெளியே வரும். நடந்தால் அவை காலில் மிதிபட்டுச் சாகும். எந்த உயிருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பதற்காக நடக்கிறவர், நடந்தே உயிரைக் கொன்றுவிடக் கூடாது அல்லவா?

நல்ல எண்ணத்தோடு செய்கிற வேலைகூட, நேரம் தெரியாமல் செய்தால் தீங்காக முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்து இருந்தது.

ஊரார் செய்த புகார்

புத்த பிக்ஷுகளுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. அவர்களுக்கு மூன்று மாதம்.

இந்த விதி வந்த கதையைப் புத்த நூல் சொல்லுகிறது. முதலில் பிக்ஷுகள் மழையிலும் நடந்தார்களாம். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மழைக்காலத்தில் பறவைகள்கூட மரத்தில் கூடு கட்டிக்கொண்டு அடங்குகின்றன. இந்தத் துறவிகள் மட்டும் பச்சைப் புல்லை மிதித்துக்கொண்டு அலைகிறார்களே என்று குறை சொன்னார்கள். புத்தரின் காதுக்கு இது போயிற்று. உடனே, மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று அவர் விதித்தார்.

விதி செய்தபோது விலக்கும் வைத்தார்கள். தாய்க்கோ தந்தைக்கோ உடம்பு சரியில்லை. அல்லது வேறு அவசரம். அப்போது போகலாம். ஆனால் 7 நாட்களுக்குள் திரும்பிவிட வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும், ஊரார் பிக்ஷுகளுக்குத் துணி கொடுப்பார்கள். இலங்கையில் இன்றும் இது பெரிய விழா. கடின விழா என்று பெயர். புதுத் துணி உடுத்தி, தெளிந்த மனதுடன், துறவி மறுபடியும் வெளியே புறப்படுவார்.

42 மழைக்காலங்கள்

மகாவீரரின் வாழ்க்கையைக் கல்ப சூத்திரம் என்ற சமண நூல் கூறுகிறது. அவர் வீட்டைத் துறந்த பிறகு 42 மழைக்காலங்கள் கழிந்தன. ஒவ்வொன்றையும் எங்கே கழித்தார் என்று அந்த நூல் கணக்குக் கொடுக்கிறது.

வைசாலியிலும் அதை அடுத்த வணிக கிராமத்திலும் 12. ராஜகிருகத்திலும் நாளந்தாவிலும் 14. மிதிலையில் 6. இப்படிப் போகிறது கணக்கு. கடைசி மழைக்காலம் பாவாபுரியில். அங்கேதான் அவர் மறைந்தார்.

எத்தனை காதம் நடந்தார் என்ற கணக்கை அந்த நூல் சொல்லவில்லை. எங்கெங்கே தங்கினார் என்ற கணக்கைத்தான் பத்திரமாக வைத்து இருக்கிறார்கள்!

புத்த பிக்ஷுகளிடமும் இப்படித்தான். ஒருவர் மூத்தவரா, இளையவரா என்பதை வயதை வைத்து முடிவு செய்வது இல்லை. துறவியான பிறகு எத்தனை மழைக்காலம் தங்கி இருந்தார் என்று பார்ப்பார்கள். ஓய்ந்து இருந்த காலமே அங்கே அனுபவத்தின் அளவு.

இந்தக் காலத்துத் தொண்டர்கள்

இதெல்லாம் முனிவர்கள் சமாசாரம், நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் விழித்து இருக்கும் நர்சு, பிள்ளைகளுக்காகப் பாடுபடும் வாத்தியார், அங்கன்வாடி அம்மா, 108 வண்டி ஓட்டுகிறவர், வெள்ளம் வந்தால் முதலில் ஓடும் வாலிபர் எல்லோரும் சம்பளத்துக்காக மட்டும் உழைக்கிறவர்கள் அல்ல. அடுத்தவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு இருக்கிறது.

அந்த ஆவல்தான் ஆபத்தாகவும் முடிகிறது. "நான் போகாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்று நினைத்து நினைத்து, அவர்கள் ஓய்வே எடுப்பது இல்லை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிராய்டன்பெர்கர் என்று ஒரு மனநல நிபுணர் இருந்தார். ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்யும் நிலையம் ஒன்றில், தம் சொந்த வேலை முடிந்த பிறகு இரவில் அவர் தொண்டு செய்தார். கூடவே பல தொண்டர்கள் உழைத்தார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் உற்சாகம். நாள் ஆக ஆக, ஒவ்வொருவராகச் சோர்ந்தார்கள். சிடுசிடுத்தார்கள். யாருக்கு உதவ வந்தார்களோ அவர்கள் மீதே வெறுப்பைக் காட்டினார்கள். பிராய்டன்பெர்கரும் அப்படிச் சோர்ந்து போனார்!

1974-ம் ஆண்டு அவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எண்ணெய் தீர்ந்து, திரி கருகிப் போன விளக்கைப் போன்ற நிலை அது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில் இந்த நிலைக்கு விளக்கம் கொடுத்தது. இது வியாதி அல்ல. சரியாகக் கவனிக்கப்படாத வேலை நெருக்கடியால் வருவது என்று சொன்னது. அடையாளங்கள் மூன்று. உடலிலும் மனதிலும் சக்தி வற்றிப் போவது ஒன்று. செய்கிற வேலையில் பற்று விட்டுப் போவது, அதை வெறுப்பது இரண்டு. முன்போல் வேலை ஓடாமல் இருப்பது மூன்று.

இதனால் கெடுவது தொண்டர் மட்டும் அல்ல. களைத்த நர்சின் கையில் நோயாளி இருக்கிறார். களைத்த வாத்தியாரின் முன்னே 40 குழந்தைகள் இருக்கிறார்கள். மழையில் நடந்த முனிவரின் காலடியில் புழு பூச்சிகள் இருந்தது போலத்தான்!

காந்திக்கு வந்த சோதனை

ஓய்வு எடுக்காமல் ஓடினால் யாருக்கும் இந்தக் கதிதான். காந்தி அடிகளும் இதில் இருந்து தப்பவில்லை.

1926-ம் ஆண்டில் பெரும்பகுதியை அவர் சபர்மதி ஆசிரமத்திலேயே கழித்தார். பிறகு மறுபடியும் பயணம் தொடங்கியது. கதர் நிதிக்காக ஊர் ஊராகச் சுற்றினார். ஒரே நாளில் பல கூட்டங்கள். 1927-ம் ஆண்டு மார்ச்சு மாதம், கோலாப்பூர் வந்தபோது அவர் உடல் தாங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டர்கள் கண்டிப்பாக ஓய்வு எடுக்கச் சொன்னார்கள்.

ஏப்ரலில் அவரை மைசூர் ராஜ்யத்தில் உள்ள நந்தி மலைக்கு அழைத்துப் போனார்கள். சுமார் ஒன்றரை மாதம் அங்கே இருந்தார். குளிர்ந்த காற்று, கொஞ்சம் நடை, கொஞ்சம் எழுத்து. பிறகு பெங்களூரில் தங்கி உடம்பைத் தேற்றினார். அந்த ஆண்டு மழைக்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து, செப்டம்பரில் செட்டிநாட்டு ஊர்களில் கூட்டம் கூட்டமாக மக்களிடம் பேசினார்.

காந்தி அடிகள் வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, பேசுவது இல்லை. எத்தனை பெரிய தலைவர் வந்தாலும் சீட்டில் எழுதித்தான் காட்டுவார். வாரம் ஒரு நாள் நாக்குக்கு ஓய்வு கொடுத்தவர், காலுக்கு ஓய்வு கொடுக்க மறந்தபோதுதான் விழுந்தார்.

கடலுக்கும் ஓய்வு உண்டு

ஓய்வுக்கும் பருவம் உண்டு என்பது உழைக்கிற ஜனங்களுக்குத் தெரியாதது அல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடற்கரை இருக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஊர்களில் விசைப்படகுகள் நிறைய உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக அரசாங்கம் போட்ட தடை இது.

அந்த நாட்களில் படகைக் கரையில் ஏற்றுவார்கள். ஓட்டை அடைப்பார்கள். வர்ணம் பூசுவார்கள். வலை பின்னுவார்கள். 61-வது நாள் முடிந்ததும், படகும் புதிது, கடலும் புதிது!

அந்த இரண்டு மாதமும் மீனவர் வீட்டில் பணக் கஷ்டம்தான். அதற்காக அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. ஓய்வு என்று வாயால் சொன்னால் போதாது. அந்த நாட்களில் அடுப்பு எரிய வழி செய்ய வேண்டும். சமண முனிவர்களுக்கு ஊரார் செய்தது அதைத்தான்.

உங்கள் வீட்டில் ஒரு தொண்டர்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக் கூடும். படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக் கொள்ளும் மருமகளும் தொண்டர்தான். அவருக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

1. அவர் கேட்கட்டும் என்று காத்து இருக்காதீர்கள். அவர் கேட்க மாட்டார். "நாளைக்கு நான் பார்த்துக் கொள்ளுகிறேன், நீ படு" என்று நீங்களாகச் சொல்லுங்கள்.

2. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். "நேரம் கிடைத்தால் ஓய்வு" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது.

3. ஆண்டில் ஒரு காலத்தை ஒதுக்குங்கள். நான்கு மாதம் நம்மால் முடியாது. பள்ளி விடுமுறையில் 10 நாள் முடியும். தாய் வீட்டுக்கோ, உறவினர் ஊருக்கோ அனுப்பி வையுங்கள்.

4. அந்த நாட்களில் வேலை விஷயமாகப் போன் வந்தால் வேறு ஒருவர் பேசட்டும். உண்மையான அவசரம் என்றால் மட்டும் கூப்பிடலாம்.

5. தூக்கம் போய்விட்டது, எதற்கும் எரிச்சல், யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் மனநல ஆலோசனை கிடைக்கும். மத்திய அரசாங்கம் நடத்தும் இலவச உதவி அது.

நிலையங்களை நடத்துகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். "நம் ஊழியர் தியாகி, லீவே எடுப்பது இல்லை" என்று மேடையில் புகழுவது சுலபம். அவர் லீவு எடுத்தால் வேலையைப் பார்க்க இன்னோர் ஆளைத் தயாராக வைப்பதுதான் கடினம். ஆனால் செய்ய வேண்டியது அதைத்தான்.

புதுக்கிய மண்டபம்

கல்லே ஆனாலும் காலம் போனால் பழுதாகும். சித்தன்னவாசல் அறிவர் கோயிலும் அப்படிப் பழுது பார்க்கப்பட்டது. 9-ம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள் மண்டபத்தைப் புதுப்பித்தார். வெளியே முகமண்டபமும் கட்டினார். அங்குள்ள கல்வெட்டு இதைச் சொல்லுகிறது. இன்று நாம் பார்க்கும் ஓவியங்களும் அந்தக் காலத்தவை என்பது அறிஞர் பலரின் முடிவு.

அந்த மண்டபத்தின் கூரையில்தான் தாமரைக் குளம் இருக்கிறது. குளத்தில் மீன் துள்ளுகிறது. அன்னங்கள் இருக்கின்றன. யானையும் எருமையும் தண்ணீரில் இறங்கி இருக்கின்றன. பூப் பறிக்கிறவர்கள் கையில் தாமரை. அண்ணாந்து பார்த்தால் வறண்ட பாறைக்குள்ளே ஒரு குளிர்ந்த குளம்! அறம் கேட்க வருகிறவர்கள் வழியில் இறங்கும் குளம் என்று சமண நூல்களை வைத்து இதற்கு விளக்கம் சொல்லுகிறார்கள். உயர்ந்த இடத்துக்குப் போகிற வழியிலும் ஒரு குளம் வைத்து இருக்கிறார்கள், பாருங்கள்!

தமிழில் 'பள்ளி' என்று ஒரு சொல் உண்டு. பள்ளி என்றால் படுக்கை. சமண முனிவர் தங்கிய இடத்துக்கும் பள்ளி என்றே பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் பள்ளி என்கிறோம். படுப்பதற்கும், அறம் செய்பவர் தங்குவதற்கும், படிப்பதற்கும் ஒரே சொல்!

அடுத்த முறை சித்தன்னவாசலுக்குப் போனால், ஓவியத்தோடு திரும்பி விடாதீர்கள். மலை ஏறி ஏழடிப்பட்டத்தையும் பாருங்கள். குழந்தைகளுக்கு அந்தக் கல் தலையணையைக் காட்டுங்கள். எங்கேயோ பிறந்த ஒரு முனிவருக்காக இளயர் என்ற மனிதர் அதைச் செய்து கொடுத்தார் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், உங்களுக்காக உழைத்துக் களைத்தவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஒரு பாயை விரித்துக் கொடுங்கள்.